பின்கதவுத் தாழ்ப்பாள்

மயக்க மருந்து டாக்டரின் அறையில் வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. மகள் சுவரோரம் நின்றுகொண்டாள். ரைட்டு நாற்காலியின் நுனியில், யாராவது வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் பஸ்ஸில் கண்டக்டராக நின்றபடியே வேலை பார்த்தவருக்கு, ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் சாய்ந்து உட்காரப் பழகவில்லை.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் டெப்போவில் எல்லாருக்கும் அவர் ரைட்டுதான். வண்டி கிளம்பச் சொல்லும் வார்த்தையை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டவர் அவர். சாப்பாடு போதுமா என்றால் ரைட். மகள் தானே பார்த்த மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதும் ரைட். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, மார்பைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னபோது மட்டும், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ரைட்" என்றார்.

மனைவியை அவர் கூப்பிடுவது "லேட்டு" என்று. அந்தப் பெயரும் பஸ்ஸில் வைத்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவருடைய வண்டியில் தினமும் வீடு திரும்பிய பயணி. தினமும் கடைசி ஆளாக ஓடி வந்து ஏறுவாள்.

"உங்களைத் தூங்க வைக்க ரெண்டு வழி இருக்கு, ஐயா" என்றார் டாக்டர். ஒல்லியான பெண்மணி. ரைட்டுவின் காதில் உரக்கப் பேச வேண்டியிருந்ததால் தன் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "ஆரம்பத்துல ரெண்டுக்கும் ஊசிதான். அப்புறம் ஆபரேஷன் முடியற வரைக்கும் தூக்கத்தைக் கொண்டு போறதுலதான் வித்தியாசம். ஒண்ணு, மூச்சு வழியா போற வாயு மருந்து. இன்னொண்ணு, நரம்பு வழியா விடாம ஓடிட்டே இருக்கிற மருந்து."

"எதுல அப்பாவுக்குப் புத்தி தடுமாறாது, டாக்டர்?" என்று மகள் கேட்டாள். "வயசானவங்களுக்கு இதய ஆபரேஷனுக்கு அப்புறம் குழப்பம் வரும்னு போன்ல படிச்சேன். வாயு மருந்துதான் நல்லதுன்னு போட்டிருந்தாங்க."

"நேர்மாறா சொல்றதும் அதே போன்ல இருக்கும்மா. ரெண்டையும் ஒப்பிட்டு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. சிலதுல இது மேல்னு வருது, சிலதுல அது. மொத்தமாப் பார்த்தா, அடிச்சுச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் தெரியல. வயசு, காது சரியாக் கேக்காதது, ராத்தூக்கம் கெடறது, இதெல்லாம்தான் அந்தக் குழப்பத்தை அதிகமாக் கூட்டி வருது. ஐயா உடம்புக்கு ரெண்டு மருந்துமே ஒத்துக்கும். உங்களுக்கு விருப்பம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா நான் பார்த்துக்கறேன்."

ரைட்டு சிரித்தார். "டாக்டரம்மா, வண்டி பாலம் வழியா போனா என்ன, மார்க்கெட் வழியா போனா என்ன? ஸ்டாண்டுக்கு வந்து சேரணும், அவ்வளவுதானே. லேட்டு, நீயே சொல்லிடு."

லேட்டு யோசித்தாள். யோசித்தது மருந்தைப் பற்றி அல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் காக்கிச் சட்டையிலிருந்து அந்தக் காலத்தில் வந்த வாசனையைப் பற்றி.

"இவர் ஆயுசு பூரா டீசல் புகையைத்தான் இழுத்திருக்கார். இன்னொரு வாயு எதுக்கு டாக்டர்? நரம்பு வழியாவே கொடுத்துடுங்க."

"எந்தப் புத்தகத்துலயும் இல்லாத காரணம்" என்றார் டாக்டர், கேலி இல்லாமல். "ஆனா விருப்பம்னு கேட்டது நான்தானே. அப்படியே செய்யறேன்."

"ரைட்" என்றார் ரைட்டு.

*

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவர் தண்ணீர் கேட்டார், மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், தூங்கிப் போனார். மகள் வாசலில் நின்று எல்லாருக்கும் போன் செய்தாள். லேட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னாள். அவள் நன்றி சொல்வதில் சிக்கனம் பார்க்காதவள். பால் பொங்கி வழியாமல் பிடித்துவிட்டால்கூட ஒரு நன்றி உண்டு.

அதற்கு அடுத்த நாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவளை விட்டபோது, ரைட்டு தலையணையிலிருந்து எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பளபளவென்று இருந்தது. பார்வை அவள் மேல் பட்டது, நிற்கவில்லை.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க. வாசல்ல நிக்காதீங்க" என்றார்.

"என்னங்க, நான்தான்."

"யாரா இருந்தாலும் முன்னாடி போங்கம்மா. உள்ள இடம் காலியாத்தானே இருக்கு?"

பக்கத்துப் படுக்கையில், திரைக்கு அந்தப்புறம், வேறொரு பெரியவர் படுத்திருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், ஆனால் புத்தி பளிச்சென்று இருந்தது. அவர் அலுப்போடு குரல் கொடுத்தார்: "விடியக்காலையிலிருந்து வண்டி ஓட்டிட்டிருக்கார்மா. என்கிட்ட டிக்கெட் கேட்டார். நான் பாஸ்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்."

"பாஸைக் காட்டுங்க சார்" என்றார் ரைட்டு.

"பார்த்தீங்களா!"

யாரோ சிரித்தார்கள். லேட்டுவும் சிரிக்கப் பார்த்தாள். அப்போது அவர் கை மேலே போனது. தலைக்கு மேல் கம்பத்திலிருந்து தொங்கிய மருந்துக் குழாயைப் பிடித்து, ஒரே இழுப்பு. கட்டு நழுவி, மணிக்கட்டுக்கு மேலே ரத்தம் கசிந்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஏற்கெனவே விடியற்காலையிலும் இப்படி இழுத்தாராம். கழுத்தில் ஒரு குழாய், மார்புக்குக் கீழே ஒன்று, அதையெல்லாம் இழுத்துவிட்டால் என்ன ஆவது? பஞ்சு வைத்துத் தைத்த பெரிய கையுறைகளை அவர் இரண்டு கையிலும் மாட்டி, கட்டில் கம்பியோடு நாடாவால் கட்டினார்கள்.

டிக்கெட் கிழித்து, விசில் பிடித்து, படியில் தொங்குகிறவர்களின் தோளை வளைத்து உள்ளே இழுத்த கைகள். அவை இரண்டு பூசணிக்காய்களைப் போலப் போர்வையின் மேல் கிடந்தன. ரைட்டு அவற்றையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, மிக மரியாதையாக, "பெரியம்மா, இதைக் கொஞ்சம் அவுத்து விடறீங்களா? வண்டி நிக்கணும்" என்றார்.

அவர் அவளைப் பெரியம்மா என்றார். அவள் அவரைவிட ஆறு வயது சின்னவள்.

*

வெளியே நடைபாதையில் மகள் பேசினாள். பயந்த மனிதர்கள் பேசுவது போல, வேகமாக.

"நான் அப்பவே சொன்னேன்ல? வாயு மருந்துன்னு சொன்னேன். நீ புகை, டீசல்னு ஏதோ சொல்லி... அப்பாவோட மூளையை வெச்சு விளையாடற விஷயமா அது?"

மகள் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அதுவரை லேட்டு தனக்குள்ளேகூட அந்த வார்த்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது யாரோ கோத்துக் கையில் கொடுத்துவிட்டது போல இருந்தது.

மயக்க மருந்து டாக்டர் அந்த வழியாக வந்தார். அவரே தேடித்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. லேட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டெலிரியம்னு சொல்வோம்மா. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்க நிறையப் பேருக்கு வருது. முக்கால்வாசிப் பேருக்குச் சில நாள்ல தெளிஞ்சிடும்."

"மீதிப் பேருக்கு?"

"சிலருக்கு நாளாகும். சிலருக்கு மறதி கொஞ்சம் தங்கிடறதும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன்."

"நான் அந்த இன்னொரு மருந்தைச் சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காதா?"

டாக்டர் லேட்டுவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். உடனே பதில் சொல்லியிருந்தால் லேட்டு நம்பியிருக்க மாட்டாள்.

"தெரியாதும்மா. அதைக் கொடுத்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம். உங்க மேல தப்புன்னா, கேட்டது நான், கொடுத்தது நான். என்னையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல யார் மேலயும் தப்பு இல்லை."

நேர்மையான பதில். ஆனால் நேர்மையான பதில் எல்லா நேரமும் மடியில் சாய்த்துக்கொள்ளாது. டாக்டர் போன பிறகு லேட்டு கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வாய் தானாக ஒரு பழைய வேண்டுதலை முணுமுணுத்தது.

"கடவுளே, வண்டியை நிறுத்தி வை."

சொன்ன பிறகுதான் அது எங்கேயிருந்து வந்தது என்று நினைவு வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டங்களில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கடை அடைக்கும் முன் ஷோகேஸில் இருக்கும் அத்தனை கண்ணாடிகளையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். யாரும் வாங்கப்போகாத, விரல்கூடப் படாத கண்ணாடிகளையும் துடைக்க வேண்டும். துடைத்து முடிப்பதற்குள் எதிர்ச்சாரியில் தையல்கடைகள் விளக்கணைக்கும், கடிகாரக் கடைக்காரர் ஷட்டரை இழுப்பார். அந்தச் சத்தம் கேட்டால் பஸ் வருகிற நேரம் என்று அர்த்தம். கடைசி வரிசைக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்வாள்: கடவுளே, வண்டியை நிறுத்தி வை. பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். மழை பெய்தால் குடையை விரிக்கக்கூட நேரமிருக்காது. திருப்பத்தைத் தாண்டினால் வண்டி நிற்கும். ஒவ்வொரு நாளும் நிற்கும். ஈரக் குடைகளின் வாசனையும், இன்ஜின் சூடும், ஜன்னலோரத்தில் யாரோ உச்சுக் கொட்டுவதுமாக நிற்கும். அவள் ஏறியதும், கூரையோரமாக ஓடும் மணிக் கயிற்றைக் கண்டக்டர் இரண்டு முறை இழுப்பார். டிங் டிங். "போலாம், ரைட்!"

அந்தக் கண்டக்டர் ஒருநாள் கடைக்கே வந்தார். கண் சரியாகத் தெரியவில்லையாம். பலகையில் எழுத்துகளை வாசிக்கச் சொன்னால், மேல் வரிசையில் தடுமாறி, கடைசி வரிசையைக் கடகடவென்று வாசித்தார். பொடி எழுத்து தெரிகிறவருக்குப் பெரிய எழுத்து எப்படித் தெரியாமல் போகும் என்று அவள் கேட்டாள். "பெரிய எழுத்தைப் பார்க்கும்போது நீங்க எதிர்ல நின்னீங்க" என்றார். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். கல்யாணம் வரை அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

வண்டியை ஒருநாள்கூட விட்டதில்லை என்று அவள் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வாள். "அது என் வேண்டுதல். கடவுள் நிறுத்தி வெச்சார்." ரைட்டு அப்போதெல்லாம் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அவர் கடவுள் விஷயத்தில் அதிகம் பேசாதவர், அதனால் அவள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

*

மறுநாள் காலை வேலைக்கு வந்தவர் மூத்த சிஸ்டர். தலை நரைக்கத் தொடங்கியவர், ரப்பர் செருப்பு, சத்தமில்லாத நடை. ரைட்டு அவரைப் பார்த்ததும் கையுறைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு விறைப்பானார்.

"செக்கர் வந்துட்டாங்க. எல்லாரும் டிக்கெட்டை எடுத்து வெச்சுக்கங்க."

"நான் பாஸ்" என்றது திரைக்கு அந்தப்புறம்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். படுக்கையை நிமிர்த்தினார், ஜன்னல் திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டார். பிறகு லேட்டுவை உள்ளே கூப்பிட்டு, "பார்வை நேரம் எல்லாம் இருக்கட்டும், நீங்க இங்கயே உக்காருங்கம்மா. தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா நல்லது" என்றார். ரைட்டுவை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டார்.

"போடுவார். இப்பல்லாம் பவர் அதிகம்."

"காதுக்கு மெஷின்?"

"இருக்கு. ரெண்டையும் தொலைஞ்சிடக்கூடாதுன்னு பத்திரமா..." லேட்டு நிறுத்தினாள். கை தன் பைக்குள் போனது. ஆபரேஷன் அன்று காலையில் கழற்றிக் கொடுத்தது, கைக்குட்டையில் சுற்றி அடியில் வைத்தது, அங்கேயே இருந்தது. "ஐயோ! கண்ணாடிக் கடையில வேலை பார்த்தவ நான்."

"எல்லாரும் பத்திரமாத்தான் வெச்சிருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் பல்செட்டை நான் பூட்டி வெச்சிட்டு வேலைக்கு வந்தவ" என்றார் சிஸ்டர்.

லேட்டு கண்ணாடியைத் தன் மேல்துணியின் ஓரத்தால் துடைத்தாள். பழைய வேலை கையை விட்டுப் போகவில்லை, இரண்டு பக்கமும் வட்டமாக, விளிம்பு வரை துடைத்தாள். அவருக்கு மாட்டிவிட்டாள். சிஸ்டர் காதில் மெஷினைப் பொருத்தினார். ரைட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு குழப்பம் கொஞ்சம் குறைந்தது போல நெற்றி தளர்ந்தது. ஆனாலும் அவளைத் தெரியவில்லை.

"நான் பக்கத்துல நிக்கறேன், கையை அவுத்துப் பார்ப்போம்" என்றார் சிஸ்டர்.

நாடாவை அவிழ்த்ததும் வலது கை நேராக மேலே போனது. குழாய் வரை போகும் முன் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். கை இறங்கியது. கொஞ்சம் கழித்து மறுபடி போனது.

"எதுக்கு இப்படிப் பிடுங்கறார்னு தெரியல" என்றார் சிஸ்டர். "பொதுவா பிடுங்கறவங்க விடாம பிடுங்குவாங்க. இவர் ஒரு தடவை இழுத்துட்டு நிறுத்திடறார். யாரோ வரணும்கிற மாதிரி பார்க்கறார்."

லேட்டு நிமிர்ந்தாள். ஒரு தடவை. ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் கிளம்பு.

"சிஸ்டர், இவர் பிடுங்கல. பெல் அடிக்கிறார். வண்டியை நிறுத்தறார்."

சிஸ்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தள்ளுவண்டியிலிருந்து கட்டுத்துணிச் சுருள் ஒன்றை எடுத்து, நீளமாகக் கிழித்து, மருந்துக் குழாயிலிருந்து தள்ளி, படுக்கையின் தலைமாட்டுக் கம்பியிலிருந்து கைக்கு எட்டுகிற மாதிரித் தொங்கவிட்டார். "இதை இழுக்கட்டும். இதுல ஒண்ணும் ஓடல."

ரைட்டுவின் விரல்கள் துணியைக் கண்டுபிடித்தன. ஒரு இழுப்பு. விட்டார். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

லேட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பயணி பேசுவது போலவே பேசினாள்.

"ஏம்ப்பா, வண்டி ஏன் கிளம்பல? எல்லாருக்கும் வீட்டுக்குப் போக வேணாமா?"

ரைட்டு இருபுறமும் பார்த்தார். செக்கர் கொஞ்சம் தள்ளி நிற்பதை உறுதிசெய்துகொண்டு, அவள் பக்கம் சாய்ந்தார்.

"பெரியம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லைன்னு டிரைவரண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நான் ஒண்ணு அடிச்சா நிறுத்திடுவார். இறங்கிப் போய் தாழ்ப்பாளைத் தட்டிட்டு நிப்பேன்."

"நிஜமாவே சரியில்லையா?"

"அது கல்லு மாதிரி இருக்கு. கண்ணாடிக் கடைப் பொண்ணு ஒண்ணு வரணும். அந்தக் கடைக்காரன் நேரத்துக்கு விடமாட்டேங்கிறான். இந்த வண்டியை விட்டா அடுத்தது ரொம்ப நேரம் கழிச்சுத்தான்."

"ஒருநாள் ரெண்டு நாள்னா சரி. தினமுமா?"

"தினமும்தான். ஜனங்க திட்டுது. தாழ்ப்பாளை மாத்தித் தொலையேன்னு டிரைவரண்ணன்கூடத் திட்டறார். அவருக்கும் விஷயம் தெரியும்னு வெச்சுக்கங்க."

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா சந்தோஷப்படுவாளே?"

ரைட்டு தலையை ஆட்டினார். "அதெல்லாம் கூடாது. சொன்னா கூச்சப்பட்டுக்கிட்டு அடுத்த வண்டியில வர ஆரம்பிச்சுடுவா. பாவம், அது எதையோ முணுமுணுத்துக்கிட்டே ஓடி வரும். கடவுளைக் கும்பிடுதுன்னு நினைக்கிறேன். அப்படியே நினைச்சுக்கட்டுமே."

அவர் மறுபடி துணியை ஒருமுறை இழுத்தார். "இன்னைக்கு ரொம்ப நேரமா வரல, பெரியம்மா. என்னாச்சுன்னு தெரியல." விடியற்காலையிலிருந்து, நேற்றிலிருந்து, அவர் ஒரு வண்டி நிறைய ஆட்களின் திட்டையும் தாங்கிக்கொண்டு, வராத ஒருத்திக்காக மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கையைத்தான் கட்டிப்போட்டிருந்தோம் என்பது லேட்டுவுக்கு உறைத்தது. கட்டியவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்றுதானே கட்டினார்கள்.

சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், மூக்கை மட்டும் உறிஞ்சினார். "போய் ஏறிட்டு வாங்கம்மா" என்றார். "நான் கதவைப் பிடிச்சுக்கறேன்."

லேட்டு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வரை நடந்தாள். வெளியே மகள் நின்றிருந்தாள். "என்னம்மா?" என்றாள் பதறி. "ஒண்ணுமில்ல. பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு லேட்டு திரும்பினாள். மூட்டுவலிக்காரி எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தாள். பை இடுப்பில் மோதியது. மூச்சு நிஜமாகவே வாங்கியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! ஆள் வருது!"

ரைட்டு திரும்பினார். அவர் பார்த்தது இந்த நரைத்த தலையையா, மழையில் நனைந்த அந்தத் தலையையா என்று யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் விளக்குப் போட்டது போல ஆனது.

"மெதுவா, மெதுவா. வண்டி எங்கயும் போயிடாது" என்றார். "தாழ்ப்பாள் கொஞ்சம் தகராறு, அதான் நின்னுட்டோம்."

துணிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தார்.

"போலாம், ரைட்!"

"அப்பாடா, கிளம்பிச்சா?" என்றது திரைக்கு அந்தப்புறம். "பஸ் ஸ்டாண்ட் வந்ததும் எழுப்புங்க."

ரைட்டு தலையணையில் சாய்ந்தார். கை தானாகப் போர்வை மேல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. சிஸ்டர் கையுறைகளை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

லேட்டு கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வாழ்நாளெல்லாம் அவள் நன்றி சொன்னது தப்பான இடத்துக்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை. சரியான இடத்துக்குத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு வண்டியை நிறுத்த வேண்டுமானால் கடவுளுக்கும் ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை இத்தனை காலமும் தன் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

*

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று சாயங்காலம் மறுபடி குழம்பினார், யாரையோ ஃபுட்போர்டிலிருந்து உள்ளே வரச் சொல்லிச் சத்தம் போட்டார். ஆனால் குழாய்களைத் தொடவில்லை. துணிக்கயிறு இருந்தது. சிஸ்டர் அடுத்து வேலைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார்: ஒரு மணி அடித்தால் நில்லுங்கள், இரண்டு அடித்தால் கிளம்புங்கள். பெரிய படிப்புப் படித்த டாக்டர்கள்கூட ஒரு மணிக்கு நின்று, இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். பகலில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள், இரண்டு பேர் பிடித்து நடக்கவைத்தார்கள். வெளிச்சம், பேச்சு, கண்ணாடி, கடிகாரம்.

மகள் டீ வாங்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன்ல இன்னும் நிறையப் படிச்சேன்மா" என்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"யாருக்கும் சரியாத் தெரியலைன்னு போட்டிருக்கு." தலையை அம்மாவின் தோளில் சாய்த்தாள். "நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"டீ ஆறுது, குடி" என்றாள் லேட்டு. அந்த வீட்டில் மன்னிப்பு எப்போதும் அப்படித்தான் கொடுக்கப்படும்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு காலையில், அவள் முகம் கழுவப் போய்விட்டுத் திரும்பியபோது, ரைட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் அந்தப் பளபளப்பு இல்லை. களைப்பு இருந்தது, தாடி வளர்ந்திருந்தது. சாதாரணமான, சொந்தமான கண்.

"எங்க போயிட்ட, லேட்டு? எவ்வளவு நேரமா பார்க்கறது?"

அவள் துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

பிறகு, அவர் சாப்பிட்டு முடித்ததும், அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து பற்றித் தான் தவித்ததை முதலில் சொன்னாள். "நான் சொன்ன ரூட்டுல போனதாலதான் இப்படி ஆச்சோன்னு நினைச்சேங்க."

"ஸ்டாண்டுக்கு வந்தாச்சுல்ல? அப்புறம் என்ன?"

"வண்டியில என்னவெல்லாம் பேசினீங்க தெரியுமா? கண்ணாடிக் கடைப் பொண்ணுக்காகத் தினமும் வண்டியை நிறுத்தினீங்களாமே. பின்கதவுத் தாழ்ப்பாள் கல்லு மாதிரி இருந்துச்சாமே."

ரைட்டு இருமினார். இருமும்போது மார்பில் வலிக்காமல் இருக்கக் கொடுத்திருந்த சின்னத் தலையணையைக் கட்டிக்கொண்டு, வேண்டியதைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே இருமினார்.

"புத்தி தடுமாறினவன் பேச்சை எல்லாம் எடுத்துக்குவாங்களா? அந்தத் தாழ்ப்பாள் நிஜமாவே கெட்டுப் போயிருந்துச்சு. டெப்போவுல கேட்டுப்பாரு."

"எத்தனை வருஷமா?"

"நல்ல மெக்கானிக் கிடைக்கல."

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. மகள் வண்டி கொண்டுவரக் கீழே போய்விட்டாள். மூத்த சிஸ்டர் லிஃப்ட் வரை கூட வந்து, "செக்கர் இறங்கிட்டேன், இனி நீங்க பார்த்துக்கங்க" என்று விடைபெற்றார். லிஃப்ட் வந்தது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். அப்போதுதான் லேட்டுவுக்கு நினைவு வந்தது. காது மெஷினின் பெட்டி கட்டிலோர மேசையிலேயே இருந்துவிட்டது.

"நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். பெட்டி இருந்தது. பக்கத்துப் படுக்கைக்கு வந்து சேர்ந்திருந்த பாஸ்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தெரியும், திரும்பி வருவீங்கன்னு" என்றார். அவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு அவள் நடைபாதையில் விரைந்தாள். லிஃப்ட் போயிருக்கும். அடுத்தது எப்போது வருமோ. வாய் பழக்கதோஷத்தில் முணுமுணுக்கத் தொடங்கியது.

திருப்பத்தைத் தாண்டினாள்.

லிஃப்ட் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாரோ உச்சுக் கொட்டினார்கள். "என்னங்க, ஏன் நிக்குது?" என்று ஒரு குரல் எரிச்சலாகக் கேட்டது.

வாசலில் ரைட்டு நின்றிருந்தார். ஒரு கையால் தலையணையை மார்போடு அணைத்திருந்தார். இன்னொரு கையின் கட்டைவிரல் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அவர் அவள் வருகிற பக்கம் திரும்பவே இல்லை. கதவின் விளிம்பைக் கவலையோடு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுல ஏதோ தகராறு, சார்" என்றார். "கொஞ்சம் பொறுங்க. சரியாயிடும்."